வெறுந்தட்டு

அரையாண்டுப் பரீட்சை முடிந்து விடுமுறை விட்ட மறுநாள் காலையில், இந்த வருஷம் பலகாரம் சுட முடியாது என்று சொல்லிவிட்டு என் அம்மா மொட்டைமாடிக்கு ஏறிப் போய்விட்டாள். கையில் ஒரு கொத்தனார் கரண்டியும் உளியும் சுத்தியலும் இருந்தன. கிறிஸ்துமஸுக்கு ஐந்து நாள் இருந்தது. நான் ஐந்தாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தேன். முறுக்கு இல்லாமல் ஒரு கிறிஸ்துமஸ் வர முடியும் என்பதே அதுவரை எனக்குத் தெரியாது.

நாங்கள் அறந்தாங்கிக்குப் பக்கத்தில் ஓர் ஊரில் இருந்தோம். எங்கள் தெருவில் பாதி வீடுகளில் ஆண்கள் கிடையாது. துபாய், கத்தார், சவூதி என்று ஆளுக்கொரு பக்கம் போயிருந்தார்கள். என் அப்பாவும் அப்படித்தான், ஏசி மெக்கானிக். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை ஒரு மாத லீவில் வருவார். வரும்போதே அந்த ஒரு மாதத்துக்கு ஒரு பட்டியல் வைத்திருப்பார். அந்த வருஷப் பட்டியலில் முதலாவது, அடுப்படியில் மழைத்தண்ணீர் ஒழுகுவதை நிறுத்துவது. இரண்டாவது, வீட்டில் சுட்ட முறுக்கும் அதிரசமும் வயிறு நிறையத் தின்பது. பட்டியல் ஒழுங்காக நடக்கிறதா என்று பார்த்துக்கொள்ள அப்பாவின் அக்கா, என் அத்தை, விராலிமலையிலிருந்து வந்து இறங்கியிருந்தாள்.

பட்டியலில் இல்லாத விஷயம் ஒன்று இருந்தது. நாலு மாதத்துக்கு முன்னால் அம்மாவின் அப்பா இறந்துபோயிருந்தார். அவர் குளத்தூர்ப் பக்கம் கொத்தனாராக இருந்தவர். அம்மா அழுதுகொண்டே பஸ் ஏறிப் போனாள், அடக்கம் முடிந்த மூன்றாம் நாளே திரும்பி வந்துவிட்டாள். எனக்குப் பள்ளிக்கூடம் இருந்தது, கொட்டிலில் இரண்டு ஆடுகள் இருந்தன. எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு அவர் செத்ததே தெரியாது. தெரிந்தவர்களும், வயசானவர்தானே என்று இருந்துவிட்டார்கள். துக்கம் கேட்க என்று எங்கள் வாசலுக்கு ஒருவரும் வரவில்லை. வருவதற்கு இது துக்க வீடு இல்லை. துக்க வீடு அறுபது கிலோமீட்டர் தள்ளி, என் மாமா வீடு.

எங்கள் பக்கத்து வழக்கத்தைச் சொல்ல வேண்டும். ஒரு வீட்டில் சாவு விழுந்தால் அந்த வருஷம் பண்டிகைக்கு அந்த வீட்டில் எண்ணெய்ச்சட்டி வைக்க மாட்டார்கள். கோயிலுக்குப் போகிறவர்களானாலும் சரி, எங்களைப் போல மாதா கோயிலுக்குப் போகிறவர்களானாலும் சரி, இதில் வித்தியாசம் கிடையாது. பண்டிகையன்று தெருவில் வீட்டுக்கு வீடு தட்டில் பலகாரம் போகும், வரும். வந்த தட்டை வெறுமனே திருப்பக் கூடாது, நம் வீட்டுப் பலகாரத்தை வைத்துத்தான் கொடுத்துவிட வேண்டும். துக்க வீடு மட்டும் வந்ததை எடுத்துக்கொண்டு தட்டைக் கழுவி வெறுந்தட்டாகக் கொடுத்துவிடும். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். ஓ, இந்த வருஷம் இவர்களுக்கு இல்லை என்று புரிந்துகொள்வார்கள்.

அம்மா கேட்டது அது ஒன்றைத்தான். இந்த ஒரு வருஷம் சட்டி வைக்க வேண்டாம் என்றாள். அத்தைக்கு இந்த மாதிரிச் சட்டமெல்லாம் தலைகீழ்ப் பாடம்.

"கட்டிக் குடுத்த பொண்ணுக்கு அந்த வீட்டுத் துக்கம் அந்த வீட்டோட போச்சு. ஒந் தம்பி வீட்ல சட்டி வைக்காம இருக்கட்டும், யாரு வேணாம்னா. இது எங்க வீடு. இங்க யாரும் சாகல" என்றாள்.

"ஒங்க அப்பா செத்த வருஷம் நான் சட்டி வச்சேனா மதினி?" என்று அம்மா கேட்டாள்.

"அது மாமனாருத்தா. அது மொற."

அப்பா நடுவில் புகுந்து சமாதானம் பண்ணினார். சமாதானம் என்றால் அவருடைய பக்கத்தைச் சொன்னார். இரண்டு வருஷமாக ரொட்டியும் பருப்பும் தின்று நாக்கு செத்துப்போய்விட்டது என்றார். தன்னைப் போல லீவில் வந்திருக்கிற சிநேகிதர்கள் கிறிஸ்துமஸ் அன்று வீட்டுக்கு வருகிறார்கள் என்றார். அவருடைய நாக்கு செத்ததற்கு அந்த வீட்டில் கிடைத்த மரியாதை என் தாத்தா செத்ததற்குக் கிடைக்கவில்லை. இதை இன்றைக்கு நான் சொல்கிறேன். அன்றைக்கு நான் முழுக்க முழுக்க அப்பா பக்கம், அத்தை பக்கம், முறுக்குப் பக்கம்.

இதற்கிடையில் அடுப்படி ஒழுகிக்கொண்டிருந்தது. மாடியில் கைப்பிடிச்சுவரும் தளமும் சேருகிற இடத்தில் ஒரு விரிசல். கேஸ் அடுப்புக்கு நேர் மேலே சொட்டும். அப்பா ஊரிலிருந்த கொத்தனார்களுக்கெல்லாம் போன் போட்டுப் பார்த்தார். சிலர் பண்டிகைக்குப் போய்விட்டார்கள், மற்றவர்கள் பொங்கலுக்குள் முடித்துக் கொடுக்க வேண்டிய வீடுகளில் மாட்டிக்கொண்டிருந்தார்கள். அதனாலென்ன என்று அப்பாவே ஏறினார். அவர் கொண்டுவந்திருந்த டின்னில் கறுப்பாக ஏதோ இருந்தது. அங்கெல்லாம் இதைத்தான் பூசுகிறார்கள், ஒரு தடவை பூசினால் நம் காலத்துக்கும் கவலையில்லை என்று சொல்லி விரிசலின் மேல் கெட்டியாகத் தடவிவிட்டு இறங்கினார். அன்று சாயங்காலமே ஒரு மழை பெய்தது. அதுவரை வெள்ளையாக ஒழுகிய தண்ணீர் அதற்கப்புறம் கறுப்பாக ஒழுகியது. ஒரு சொட்டு சோற்றுப்பானையில் விழுந்தது.

அம்மா சிரிக்கவில்லை. சோற்றை ஆட்டுக்குப் போட்டுவிட்டு வந்து, "மாடிய நான் பாத்துக்கிறேன். பலகாரத்த நீங்க பாத்துக்கங்க" என்றாள்.

அப்பா அதை வெறும் கோபப் பேச்சு என்று நினைத்தார். மறுநாள் காலையில் அம்மா டிரங்குப் பெட்டியின் அடியிலிருந்து ஒரு கரண்டியை எடுத்தபோதுதான் எல்லாருக்கும் விளங்கியது. அது தாத்தாவுடைய கரண்டி. மூன்றாம் நாள் திரும்பி வரும்போது மாமாவிடம் வேறு எதையும் கேட்காமல் அதை மட்டும் கேட்டு வாங்கி வந்திருந்தாளாம். கூடவே பூச்சைத் தேய்க்கிற மணியாசுக் கட்டையும் இருந்தது. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு ஏறினாள்.

அத்தை கீழே நின்று எனக்கு ஒரு விஷயத்தைச் சொன்னாள். கல்யாணத்துக்கு முன்னால் அம்மா பள்ளிக்கூட லீவுகளில் தன் அப்பாவுக்குச் சித்தாளாக வேலை பார்த்தவளாம். கலவை சுமந்தவளாம். பன்னிரண்டு வருஷமாகத் தெருவில் யாருக்கும் தெரியாமல் காப்பாற்றி வைத்திருந்ததை இன்றைக்கு இவளே மாடியில் ஏறித் தம்பட்டம் அடிக்கிறாள் என்று அத்தை வருத்தப்பட்டாள். எனக்கும் வருத்தமாகத்தான் இருந்தது. எதிர்வீட்டு டீச்சருடைய மகள் என் வகுப்பு. அவள் தன் வீட்டு மாடியில் துணி காயப்போடும் சாக்கில் நின்று என் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

அம்மா முதலில் அப்பா பூசிய கறுப்பைச் சுரண்டி எடுத்தாள். பிறகு விரிசலை உளியால் இன்னும் பெரிதாக வெட்டினாள். வீடே இடிந்து விழுகிறது என்று அத்தை கூப்பாடு போட்டாள். அப்பா வாசலுக்குப் போய் அண்ணாந்து பார்த்துக் குரலைத் தாழ்த்தி, "எறங்கு. தெருவே பாக்குது" என்றார்.

"பாக்கட்டும். நான் என்ன களவா எடுக்குறேன்?" என்று அம்மா தெருவுக்கே கேட்கிற மாதிரி பதில் சொன்னாள்.

அதோடு விட்டிருந்தால்கூட அத்தை மன்னித்திருப்பாள். மணலைச் சலிக்க வேண்டிய நேரத்தில் அம்மா இறங்கி வந்து அடுப்படிக்குள் நுழைந்து, ஆணியில் தொங்கிய மாவுச் சல்லடையை எடுத்துக்கொண்டு போனாள். பச்சரிசி மாவு சலிக்கிற சல்லடை, வருஷத்தில் இரண்டு மூன்று தடவைதான் கீழே இறங்கும். அதில் மணலைக் கொட்டிச் சலித்தாள். அத்தை நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள்.

"மாவு சலிக்கிற சல்லடையிலயா மண்ண அள்ளிப் போடுவ?"

"இந்த வருஷந்தான் மாவு சலிக்கலையே மதினி" என்று சொல்லிவிட்டு அம்மா மணலைச் சலித்துக்கொண்டே இருந்தாள்.

மத்தியானத்துக்குள் வேலை முடிந்துவிட்டது. விரிசலில் தண்ணீர் விட்டு, சிமெண்டுப் பால் ஊற்றி, கலவையை அடைத்து, கட்டையால் தேய்த்து, ஈரச் சாக்கைப் போட்டு மூடினாள். அதற்கப்புறம் ஒரு வாரம் காலையும் மாலையும் அதற்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். மறுபடி மழை பெய்தபோது அப்பா அடுப்படியில் டார்ச் லைட்டை அடித்துக் கூரையை மூலைமுடுக்கெல்லாம் பார்த்தார். எங்காவது ஒரு சொட்டு விழுந்தால் தேவலை என்கிற மாதிரி அவர் முகம் இருந்தது. ஒன்றும் விழவில்லை.

இப்போது பட்டியலில் மிச்சமிருந்தது முறுக்கு. அம்மா இல்லாவிட்டால் முறுக்குச் சுட முடியாதா என்று அத்தைக்கு ரோஷம் வந்துவிட்டது. கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்னால் கொல்லைப்பக்கம் அடுப்பைக் கொண்டுபோய் வைத்தார்கள். அத்தைக்கு மணிக்கட்டு வலி, அச்சைப் பிழிய முடியாது. ஆகவே அத்தை மாவு பிசைய, அப்பா பிழிய, நான் எண்ணெய் வடிக்கத் தட்டோடு உட்கார்ந்திருந்தேன். சல்லடை போய்விட்டதால் மாவைச் சலிக்கவில்லை. உளுந்துக் குருணை அச்சின் ஓட்டையில் போய்ப் போய் அடைத்துக்கொண்டது. அப்பா பல்லைக் கடித்து அழுத்தினார். முறுக்கு என்று எதிர்பார்த்த இடத்தில் துண்டு துண்டாகப் புழு மாதிரி விழுந்தது. மூன்றாவது ஈட்டில் ஒன்று சட்டிக்குள்ளேயே வெடித்து, கொதிக்கிற எண்ணெய் அப்பாவின் கையில் தெறித்தது.

மாடியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த அம்மா குடத்தைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். அப்பாவின் கையைப் பிடித்து வாளித் தண்ணீருக்குள் முக்கி அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள். மற்றொரு கையால் அடுப்பை அணைத்தாள். சொல்லிக்காட்ட அவளுக்கு எவ்வளவோ இருந்தது, ஒரு வார்த்தை சொல்லவில்லை. சுட்ட வரைக்கும் எடுத்து ஆடுகளுக்குப் போட்டோம். ஒரு ஆடு மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டது.

மறுநாள் அப்பா கட்டுப்போட்ட கையோடு அறந்தாங்கிக்குப் போய்ச் சிநேகிதர்களுக்காகக் கடையில் ஒரு பெரிய பெட்டி லட்டு வாங்கி வந்தார். அதைக் கட்டிலுக்கு அடியில் வைத்தார். அம்மா அதைப் பார்த்துவிட்டு மாடிக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விட்டாள். கடையில் வாங்குவது பற்றி வழக்கத்தில் ஒன்றும் இல்லை. அவள் சட்டி வைக்கவில்லை, மற்றவர்கள் வைத்ததும் ஆட்டுக்குப் போய்விட்டது, அவளுக்கு அது போதும் என்று தோன்றியது.

கிறிஸ்துமஸ் அன்று பூசை முடிந்து வந்ததும் தட்டுகள் வர ஆரம்பித்தன. ஏழு வீட்டிலிருந்து ஏழு தட்டுகள். முறுக்கு, அதிரசம், அச்சு முறுக்கு, ரவா உருண்டை. அம்மா ஒவ்வொன்றையும் சிரித்த முகத்தோடு வாங்கினாள். பலகாரத்தை டப்பாவில் கொட்டிவிட்டு ஏழு தட்டையும் சாம்பல் போட்டு விளக்கி, தண்ணீர் போகத் துடைத்து, அடுக்கி என் கையில் கொடுத்தாள்.

"எந்தத் தட்டு எந்த வீடுன்னு தெரியும்ல? இப்படியே குடுத்துட்டு வந்துரு" என்றாள்.

நான் பின்பக்கம் போய் நின்றேன். எனக்கு அழுகை வந்தது. மற்ற பிள்ளைகளெல்லாம் பூப்போட்ட துணியால் மூடிய தட்டுகளோடு தெருவில் போய்க்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் வெறுந்தட்டோடு ஏழு வாசலில் நிற்க வேண்டும். அதில் ஒரு வாசல் டீச்சர் வீடு. ஏற்கெனவே சித்தாள் மகள், இனி ஒன்றும் இல்லாத வீட்டுப் பிள்ளை. ஜனவரியில் பள்ளிக்கூடம் திறந்ததும் வகுப்பு முழுக்க இதுதான் பேச்சாக இருக்கும். அம்மாவுக்கு என்ன, வீம்பு. அந்த வீம்பை நான் ஏன் தெருத்தெருவாகச் சுமக்க வேண்டும் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அம்மாவுடைய பிடிவாதத்தில் பாதி எனக்கும் இருந்தது, அதை அன்று அம்மாவுக்கு எதிராகவே எடுத்தேன்.

அப்பா சிநேகிதர்களோடு முன்னறையில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். நான் கட்டிலுக்கு அடியில் ஊர்ந்துபோய்ப் பெட்டியைத் திறந்தேன். தட்டுக்கு இரண்டாகப் பதினாலு லட்டு. மேலே ஒரு தாளைப் போட்டு மூடிக்கொண்டு கொல்லை வழியாக ஓடினேன். ஏழு வீட்டிலும் தலையை நிமிர்த்திக்கொண்டு நின்றேன். ஒரு வீட்டில், "கடை லட்டா?" என்று கேட்டுவிட்டு உள்ளே பார்த்துச் சிரித்தார்கள். டீச்சர் மட்டும் தாளை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி மூடினார்.

"அம்மாவா குடுத்துவிட்டாங்க?"

"ஆமா டீச்சர்" என்றேன். குடும்ப மானத்தைக் காப்பாற்றிவிட்ட திருப்தியில் அன்று மத்தியானம் பிரியாணியை இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

மறுநாள் காலையில் டீச்சர் வாசலில் அம்மாவைப் பார்த்து ஏதோ பேசிக்கொண்டிருந்தார். நான் ஜன்னல் வழியாகக் கேட்டேன். "அப்பா தவறின வருஷமாச்சே, வெறுந்தட்டாத்தான் வரும்னு நெனச்சேன். லட்டு வந்துச்சு. சரி, வீட்ல அப்படிச் சொல்லிட்டாங்க போலருக்குன்னு நெனச்சுக்கிட்டேன்" என்றார். அம்மா என்ன சொன்னாள் என்று கேட்கவில்லை. உள்ளே வந்து என் முன்னால் நின்றாள்.

"எத்தன வீட்ல குடுத்த?"

"ஏழு வீட்லயும்."

அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். விழவில்லை. அம்மா முகத்தைக் கழுவினாள், நல்ல சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டாள், என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தெருவில் இறங்கினாள். எங்கே போகிறாய் என்று அத்தை கேட்டதற்குத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

முதல் வீட்டு வாசலில் நின்று கூப்பிட்டாள். அந்த அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். "எங்க அப்பா ஆகஸ்ட்ல எறந்துட்டாரு. இந்த வருஷம் எங்க வீட்ல பலகாரம் கெடையாது. பிள்ள தெரியாம லட்ட வச்சுக் குடுத்துருச்சு. அத எங்க வீட்டுப் பலகாரம்னு நெனச்சுக்காதீங்க" என்றாள். "அடடா, தெரியாதேக்கா. என்ன செஞ்சுச்சு அவருக்கு?" என்று கேட்டார். அம்மா சொன்னாள். மூச்சுத்திணறல், ஆஸ்பத்திரி, இரண்டு நாள் என்று நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள்.

அடுத்த வீட்டில் மறுபடியும் அதையே சொன்னாள். அதற்கடுத்த வீட்டிலும் சொன்னாள். ஒவ்வொரு வீட்டிலும் என்ன செய்தது என்று கேட்டார்கள். ஒவ்வொரு வீட்டிலும் அம்மா முதலிலிருந்து சொன்னாள், கொஞ்சம் கொஞ்சமாக நீட்டிச் சொன்னாள். நாலாவது வீட்டில், அவர் கடைசியாகக் கட்டிய வீட்டின் வாசற்படி எப்படியிருக்கும் என்று கையால் காட்டினாள். கடை லட்டா என்று சிரித்த வீட்டில் அம்மாவை உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார்கள். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பதினாலு லட்டுக்கு இவ்வளவு பெரிய தண்டனையா என்று எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. தெரு முழுக்க இழுத்துக்கொண்டு போய் என் மானத்தை வாங்குவதற்காகத்தான் அம்மா இப்படிச் செய்கிறாள் என்று நம்பினேன். அதற்கப்புறம் ரொம்ப வருஷம் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.

கடைசியாக டீச்சர் வீடு. அங்கே அம்மா சொல்லி முடிக்கும் வரை டீச்சர் ஒன்றும் கேட்கவில்லை. "எங்கம்மா தவறின வருஷம் நானும் சட்டி வச்சேன். வைக்கணும்னாங்க, வச்சேன்" என்று மட்டும் சொன்னார். பிறகு உள்ளே போய்ப் புதிதாக ஒரு தட்டில் அதிரசமும் முறுக்கும் நிறைய வைத்துக் கொண்டுவந்து அம்மாவின் கையில் கொடுத்தார்.

"தட்ட வெறுந்தட்டாவே குடுத்துவிடுங்க" என்றார்.

அம்மா தட்டை வாங்கிக்கொண்டு அந்த வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். அப்பா என்று ஒரு குரல் வந்தது. அம்மாவிடமிருந்து அப்படி ஒரு குரலை நான் அதற்குமுன் கேட்டதில்லை. டீச்சர் அவள் பக்கத்தில் உட்கார்ந்து தோளைப் பிடித்துக்கொண்டார். ஆறு வீட்டில் அழாதவள், ஒரு தட்டு அதிரசத்தைக் கையில் கொடுத்ததும் ஏன் அழுகிறாள் என்று எனக்குப் புரியவில்லை. டீச்சருடைய மகள் கதவுக்குப் பின்னால் நின்று என்னைப் பார்த்தாள். எனக்கு ஓடிப்போய்விடலாம் போல இருந்தது.

மறுநாள் அம்மா அந்தத் தட்டைக் கழுவித் துடைத்து என் கையில் கொடுத்தாள். தெருவில் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். நான் தட்டைப் பாவாடைக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு படியிறங்கினேன்.

"தட்ட முன்னாடி புடிச்சுக்கிட்டுப் போ" என்று அம்மா வாசலில் நின்று சொன்னாள்.

தண்டனை இன்னும் முடியவில்லை என்று நினைத்துக்கொண்டு, வெறுந்தட்டை நெஞ்சுக்கு நேராகப் பிடித்தபடி நான் தெருவைக் கடந்தேன்.